ராத்திரி முழுக்கத் தொங்கிய டெஸ்ட்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு வீடு எப்படி இருந்தது என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா?

"ஒரே புரோகிராமை ஏன்டா இத்தனை மெஷினில் ஓட்டிப் பார்க்கிறீங்க?" என்று கேட்டிருந்தாய். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

சி மொழியில் எழுதிய எங்கள் பில்ட் டூலுக்கு (கோடிலிருந்து ஓடக்கூடிய புரோகிராமைக் கட்டித் தருவது) தினமும் ராத்திரி டெஸ்ட் ஓடும். இன்டெல் லினக்ஸில் ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களும் (கோடை மெஷின் மொழிக்கு மாற்றுபவை), விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர், அப்புறம் ஆப்பிளின் எம்1 சிப் உள்ள ஒரு மேக். இவற்றோடு லினக்ஸ் போட்ட ராஸ்பெர்ரி பை ஒன்றையும் சேர்த்தேன்; ஆர்ம் வகைச் சிப் உள்ள குட்டிக் கம்ப்யூட்டர் அது. காலையில் வந்து பார்த்தால் மற்றதெல்லாம் பச்சை, அது மட்டும் சிவப்பு. ஒரே ஒரு டெஸ்டுக்காக, டெஸ்டுகளை ஓட்டும் சிடெஸ்ட் 1500 விநாடி காத்திருந்துவிட்டு நிறுத்தியிருந்தது. "சின்ன போர்டு, ஸ்லோவாத்தான் இருக்கும், டைம்அவுட்டைக் கூட்டிடு" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மற்ற டெஸ்டெல்லாம் அதே போர்டில் மளமளவென்று முடிந்திருந்தனவே.

கோடை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் டிபக்கரில் பார்த்தேன். ஃபைலை ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் சாதாரண லூப். படித்ததை ஒரு பைட் மட்டுமே கொள்ளும் 'சார்' வகை வேரியபிளில் போட்டு, அது -1 ஆனால் ஃபைல் முடிந்தது என்று வெளியே வர வேண்டும். இன்டெல்லில் சார் என்பது -128 முதல் 127 வரை. ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. அங்கே -1 போட்டால் 255 ஆகிவிடும். முடிவு வந்தும் லூப்புக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

எம்1-ம் ஆர்ம்தானே, அது எப்படிப் பாஸ் ஆனது என்று கேட்பாய். நானும் அங்கேதான் அரை நாள் நின்றேன். சி மொழி இதைக் கட்டாயமாக்கவில்லை. ஒவ்வொரு பிளாட்ஃபார்மும் தானே முடிவு செய்துகொள்ளலாம். ஆப்பிள் தன் ஆர்ம் மெஷின்களில் இன்டெல் வழக்கத்தையே வைத்துக்கொண்டது.

என்னை உலுக்கியது இதற்கு அப்புறம்தான். 10 பைட் உள்ள ஃபைல் ஒன்று செய்து, ஐந்தாவது பைட்டாக 255 வைத்தேன். இன்டெல் சாரில் 255-ம் -1 ஆகிவிடுவதால், அங்கே நாலு பைட் படித்ததும் "முடிந்தது" என்று சொல்லிவிட்டது. எரர் இல்லை, ஒன்றும் இல்லை. அங்கேயும் தப்பாகவே ஓடிக்கொண்டிருந்த கோடுக்கு இத்தனை நாளாகப் பச்சை விழுந்திருக்கிறது. 'சார்' என்பதை, 255-ஐயும் -1-ஐயும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் பெரிய 'இன்ட்' வகையாக மாற்றினேன், சரியாகிவிட்டது. அந்த 10 பைட் ஃபைல் இப்போது எல்லா மெஷினிலும் ஒரு டெஸ்ட். ஜிசிசியில் சாரை அன்சைன்டாக, அதாவது 0 முதல் 255 வரை என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டு இன்டெல்லிலும் ஒரு ரன் சேர்த்துவிட்டேன்.

அடுத்தது தமிழ்ப் பெயர். 'கொடி' என்று ஒரு ஃபோல்டர் வைத்து பில்ட் செய்து பார்க்கப் போகிறேன். மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ ஃபைல் சிஸ்டம், ஒரே குறியீடாக இருக்கும் ஒகரக் குறியைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துத்தான் சேமிக்கும். 12 பைட் பெயர் 15 பைட்டாகத் திரும்பி வரும். கண்ணுக்கு ஒரே 'கொடி'தான், எங்கள் டூல் பைட் பைட்டாக ஒப்பிட்டால் வேறு ஃபோல்டர் என்று நினைத்துக்கொள்ளும்.

உன் பழைய மேக்புக்கை ஹை சியரா என்ற மேக் ஓஎஸ்ஸுக்கு அப்டேட் செய்யாமல், அந்தப் பழைய ஃபைல் சிஸ்டத்தோடவே வைத்திருந்தாயே, அது இன்னும் ஆன் ஆகிறதா? ஆகிறது என்றால் தூக்கிப் போட்டுவிடாதே. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்