காது கேட்க உதவும் சுண்டெலிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களுக்குள் இரண்டு காதும் மங்கிப்போன ஒருவர் என் குடும்பத்தில் இருக்கிறார். நோய் எதிர்ப்பு சக்தியே உள்காதைத் தாக்கும் இந்த நோயை, 1979இல் அமெரிக்க மருத்துவர் பிரையன் மெக்கேப் 18 நோயாளிகளைக் கொண்டு விவரித்தார். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் பலருக்குச் செவித்திறன் ஓரளவு திரும்புகிறது. ஆனால் எப்படி?

மனிதரிடம் நேரடியாகப் பார்த்துச் சொல்ல வழியில்லை. உள்காது மண்டை எலும்புக்குள் புதைந்திருக்கிறது. அதிலிருந்து திசுவைக் கிள்ளி எடுத்தால் மிச்சமிருக்கும் செவித்திறனும் போய்விடும். அதனால்தான் கினிப்பன்றியும் சுண்டெலியும் தேவைப்படுகின்றன.

லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) போன்ற நோய் தானாகவே வரும் ஒரு சுண்டெலி இனத்துக்குக் காதும் மந்தமாகிறது. அமெரிக்காவின் ஓரிகானில் ஆராய்ச்சியாளர் டென்னிஸ் ட்ரூன் குழுவினர் அவற்றுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் ஆல்டோஸ்டீரோன் கொடுத்தார்கள். இது உடலின் உப்பைச் சீராக்கும் ஹார்மோன்; அழற்சியை அடக்கும் மருந்தல்ல. அதுவும் பலன் தந்தது! உள்காதுத் திரவத்தின் சோடியம், பொட்டாசியம் அளவைச் சரிசெய்வதும் சிகிச்சையாகலாம் என்பது எலிகள் காட்டிய வழி.

எலிக்குப் பலித்தது அப்படியே மனிதருக்குப் பலிக்காது, சரி. ஆனால் மீண்ட செவித்திறனைத் தக்கவைக்க, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து உதவவில்லை என்று 2003இல் வெளியான மருத்துவச் சோதனை காட்டிவிட்டது. நீண்டநாள் ஸ்டீராய்டு உடம்பை என்ன பாடு படுத்தும் என்பதை நான் தினமும் வீட்டில் பார்க்கிறேன். அதனால் வேறு வழி தேடும் இந்த ஆராய்ச்சியைப் பற்றியும், காது திடீரென மங்கினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டியதைப் பற்றியும் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்