கல்யாண வீட்டுக்குள் வரும் உலகம்

பசுமலை, மதுரை

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நிச்சயம் ஆன செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் ரொம்பச் சந்தோஷம். இங்கே அனைவரும் சுகம். அறுப்பின் பண்டிகை வேலையெல்லாம் முடிந்து சபையில் இப்போதுதான் கொஞ்சம் ஓய்வு.

கல்யாணத்தை உலகத்தாரைப் போல நடத்தக்கூடாது, ஆனால் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருக்கிறாய். உலகப்பிரகாரமான வாழ்க்கை என்றாலே நம் பிரசங்கங்களில் சினிமாவும் சீரியலும் செல்போனும்தான் வரும். அதில் தப்பில்லை. ஆனால் நம் மதுரைப் பக்கத்தில் உலகம் விசுவாசியின் வீட்டுக்குள் நுழைவது விசேஷத்தில்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 1 யோவான் 2:16 சொல்லும் மூன்றில் மாம்சத்தின் இச்சையையும் கண்களின் இச்சையையும் சீக்கிரம் அடையாளம் கண்டுவிடுகிறோம். ஜீவனத்தின் பெருமை மட்டும் 'ஊர் மரியாதை' என்ற பேரில் வந்து பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துவிடுகிறது.

ஆபிரகாமின் சகோதரன் மகன் லோத்து, பாவத்துக்குப் பேர்போன சோதோமுக்கு ஒரே நாளில் போய்விடவில்லை. ஆதியாகமம் 13-ல் கண்ணை ஏறெடுத்துப் பார்க்கிறான், ஊருக்கு நேரே கூடாரம் போடுகிறான். 14-ல் ஊருக்குள்ளேயே குடியிருக்கிறான். 19-ல் ஊர் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். கல்யாணச் செலவும் இப்படித்தான் படிப்படியாக ஏறும். அதனால் முதல் படியிலேயே நின்றுகொள்.

நகைக்கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உன்னால் முடிகிற தொகையை ரூபாயில் எழுதி வை. பவுனில் பேசினால் கணக்குத் தவறும். 10 பவுன் என்றால் 80 கிராம். சேதாரம் 12 சதவீதம் என்று போட்டால் 9.6 கிராம், அதாவது ஒரு பவுனுக்கும் மேலே. அதையும் சேர்த்த விலைக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி. நாளைக்கு அவசரத்துக்கு விற்கப் போனால் இந்தச் சேதாரம் கைக்கு வராது. வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரமும் கூடும். மேடையில் எடுப்பாகத் தெரிகிற ஆரத்துக்குத்தான் அது அதிகம். அன்றாடம் போடுகிற சாதாரணச் செயின், வளையலில் குறைவு. மகளுக்குப் பிற்காலத்தில் உதவ வேண்டும் என்பது உன் எண்ணமானால் அந்தப் பக்கம் பார்.

மாப்பிள்ளை வீட்டார் "உங்க பொண்ணுக்கு நீங்க பிரியப்பட்டதைப் போடுங்க" என்று சொன்னால், அதுவும் கேட்பதுதான். வரதட்சணை வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் 1961-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். எத்தனை பவுன் என்பதைச் சபையில் சொல்லாதே. சொன்னால் அடுத்த வீட்டுத் தகப்பன் தன் மகளுக்கு அதைவிட ஒன்று கூட்டிப் போட வேண்டியதாகிவிடும்.

அடுத்தது மொய். மொய் வந்து செலவை ஈடுகட்டிவிடும் என்று நம்பிக் கடன் வாங்குகிறவர்கள்தான் நிறையச் சிக்குகிறார்கள். 3 லட்சம் ரூபாய், நூற்றுக்கு 2 வட்டி என்றால் மாதம் 6,000, வருஷம் 72,000. அந்த நெருக்கடியில் முதலில் நின்றுபோவது சபைக்குக் கொடுக்கிற தசமபாகம். வருகிற புது மொய்யும் கடன்தானே! ஒவ்வொன்றையும் கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும், அதற்காக ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களுக்கு ஓட வேண்டும், ஆராதனை போய்விடும். என் யோசனை இது: உன் நோட்டில் இருக்கிற பழைய மொய்யைத் திருப்பிச் செய்கிறவர்களிடம் வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடு. வேண்டாம் என்றால் அவர்கள் மனம் சங்கடப்படும். புது மொய் மட்டும் வேண்டாமென்று பத்திரிகையிலேயே போட்டுவிடு. நீ செய்ய வேண்டிய பாக்கியை ஒன்று விடாமல் செய்து தீர். "மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்ற வசனத்தைக் காட்டி நம் பாக்கியை நிறுத்தினால் அது சாட்சியைக் கெடுக்கும்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம். போதகர் படம் போட்ட ஃப்ளெக்ஸும் வேண்டாம்.

பந்தியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுகிறேன். சொந்தக்காரர்களுக்கு ஒரு பந்தி, சபையாருக்கு வேறொரு பந்தி என்று பிரித்தால் அதன் உள்ளே இருப்பது சாதிதான் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நகையை விட, மொய்யை விட இதுதான் பெரிய உலகம். 1834-ல் இங்கே ஊழியம் தொடங்கிய அமெரிக்கன் மதுரா மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று விசுவாசிகளிடம் கேட்டது. நாம் இன்னும் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். முதல் பந்தியில் சபையைக் கூட்டிச் சுத்தம் செய்கிற அம்மாவும் உன் அண்ணன்மாரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரட்டும். அண்ணன்மாரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே பேசிவிடு. அன்றைக்குப் போய்ச் சொன்னால் மண்டபத்தில் சண்டைதான் வரும்.

இன்னொரு பக்கமும் சாய்ந்துவிடாதே. "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்று கட்டளை போடுவதைக் கொலோசெயர் 2-ல் பவுல் கண்டிக்கிறார். நகை போட்டு வருகிற மைத்துனியை முகம் சுளித்துப் பார்த்தால், விட்ட பெருமை வேறு வழியில் திரும்பி வந்துவிடும். சாப்பாட்டில் குறை வைக்காதே. கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சரசம் குறைந்தபோது நம் ஆண்டவர் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் ஆறு கற்சாடிகளை நிரப்பச் சொன்னவர். பிரியாணி தாராளமாக இருக்கட்டும். மிச்சம் வந்தால் ராத்திரிக்குள் யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முன்னாடியே பேசி வை.

சபையில் கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலமும் குறுக்கே வரக்கூடாது. இரண்டையும் பார்த்துக்கொண்டு மண்டபத்துக்கு முன்பணம் கொடு. போதகரிடம் இந்த வாரமே பேசு. தங்கச்சி சேதாரக் கணக்கைக் கேட்டு மலைத்தால் இந்தக் கடிதத்தையே காட்டு. தேதி முடிவானதும் எழுது. ஒரு நாள் முன்னதாகவே வந்து பந்தி வேலையைப் பார்த்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பழைய நண்பன்