ஒரு நிறமும் ஒரு கயிறும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் திகில் படங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மனிதரைப் பொருட்டாகவே மதிக்காத ஏதோவொன்றைப் பற்றிய, ‘காஸ்மிக் ஹாரர்’ எனப்படும் பிரபஞ்சத் திகிலைப் படமாக்கப் பெரிய ஸ்டுடியோவும் கோடிக்கணக்கில் கிராஃபிக்ஸ் செலவும் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கல்லூரியில் விஸ்காம் படிக்கும் என் பேரன் அதைப் படித்துவிட்டு, நண்பர்களோடு எழுதி வைத்திருந்த குறும்படக் கதையை மூடி வைத்தான். “நம்மால ஆகாது தாத்தா” என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கும்பகோணத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவன் நான். தொழில் பழகிய காலத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் கலர் தீட்டுவோம். குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சாயம் தொட்டு, மணப்பெண்ணின் புடவைக்கு மட்டும் சிவப்பு வைத்தால் போதும். பார்ப்பவர் கண் வேறெங்கும் போகாது.

ஹுவான் வு இயக்கிய ‘டி ஃபார்பே’ (2010) என்ற ஜெர்மன் படத்தைப் பேரன் போட்டுக் காட்டியபோது அந்தப் புடவைதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1927இல் வெளியிட்ட கதை அது. ஒரு பண்ணையில் விண்கல் விழுகிறது. மரத்தில் பழங்கள் பெருத்துக் காய்க்கின்றன, ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆடுமாடுகள் சாம்பல் பூத்து உதிர்கின்றன. வந்திருப்பது ஓர் உருவம்கூட இல்லை, பூமியில் எவரும் கண்டிராத ஒரு நிறம். அதை எப்படிக் காட்டுவது? கதையை ஜெர்மன் கிராமத்துக்கு மாற்றிய இயக்குநர், படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அந்த ஒரு நிறத்தை மட்டும் கலரில் விட்டார். என் கண்ணுக்கு அது மெஜந்தா. கலர் பிரிண்ட் போட்டவர்களுக்குத் தெரியும், வானவில்லில் மெஜந்தா கிடையாது. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் கலந்தால்தான் அது நம் கண்ணுக்குத் தோன்றும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஊர்ப் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கும். அநியாயமாகச் செத்தவள், பழி தீர்ந்தால் போய்விடுவாள். லவ்கிராஃப்டின் கதைகளில் வருவதற்கோ நம்மோடு எந்தக் கணக்கும் இல்லை. நாம் இருப்பதே அதற்குப் பொருட்டில்லை. (அந்த மனிதரின் இனவெறியை நான் ஏற்கவே மாட்டேன். இந்தப் பயத்தை எழுதிய விதம் வேறு விஷயம்.)

‘கதுலு’ என்ற பூதத்தைப் பற்றிய அவருடைய கதை 1928இல் அச்சானது. அப்போதே படமாகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து, அவர் கதைகளின் ரசிகர்களே 2005இல் அதை ஊமைப்படமாக எடுத்தார்கள். ஆண்ட்ரூ லீமன் இயக்கம், ஷான் பிரானி திரைக்கதை, ஓடும் நேரம் 47 நிமிடம். பூதத்தைக் கணினியில் வரையவில்லை. பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் பிடித்தார்கள்.

‘தி எண்ட்லெஸ்’ (2017) படத்தில் ஜஸ்டின் பென்சனும் ஆரன் மூர்ஹெட்டும் தாங்களே அண்ணன் தம்பியாக நடித்து, தாங்களே இயக்கினார்கள். திரைக்கதை பென்சன், கேமரா மூர்ஹெட். அதில் ஒரு காட்சி. இரவு வானத்து இருட்டிலிருந்து ஒரு கயிறு இறங்குகிறது. கீழே நிற்பவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். மேலிருந்து எதுவோ திருப்பி இழுக்கிறது. அது என்னவென்று காட்டவே இல்லை. அந்தக் கயிறு என்ன விலை இருக்கும்?

தங்கள் சினிமாப் பக்கத்தில் இந்தப் படங்களையும் எடுத்தவர்களையும் வாரம் ஒன்றாக அறிமுகப்படுத்த வேண்டுகிறேன். பேரனிடம் ஸ்டுடியோ சாவியைக் கொடுத்துவிட்டேன். பின்னறையில் கறுப்புத் திரையும் இரண்டு லைட்டும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகைப்படக் கலைஞர்,
கும்பகோணம்.