சூரியனை மூடும் ஓடும், சூரியனைச் சூழும் திரளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான, டைசன் கோளம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சூரியனைச் சுற்றிலும் மாபெரும் அமைப்பொன்றை எழுப்பி, அது வெளிவிடும் ஆற்றல் முழுவதையும் மனித இனம் பயன்படுத்திக்கொள்ளும் நாள் வரும் என்று அக்கட்டுரை கூறியது. உடன் அச்சிட்டிருந்த படத்தில் ஓர் இரும்புப் பந்து சூரியனைப் பாதி மூடியிருந்தது. இத்தகைய பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப்பக்கம் ஒதுக்கியதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அந்தப் படம் காட்டும் அமைப்பும், 1960இல் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் முன்வைத்த அமைப்பும் வேறு வேறு. முன்னதை இயற்பியல் விதிகளே தடுக்கின்றன. பின்னதை விதிகள் தடுக்கவில்லை. அதற்கு வேண்டிய பொருளும் ஆற்றலும் காலமும்தான் மலைப்பைத் தருகின்றன. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, 'நடக்கும்' என்றோ 'வெறும் கற்பனை' என்றோ சொல்லிவிடுவது மாணவர்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அக்கட்டுரையை மேலூர் அருகே ஓர் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, ஒரு மாணவி எழுந்து, "சார், அந்த ஓடு எதுமேல நிக்கும்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய முதற்கேள்வியே அதுதான். சீரான கோள ஓடு ஒன்று தன் உள்ளே இருக்கும் பொருளின்மீது நிகர ஈர்ப்பு விசை எதையும் செலுத்துவதில்லை என்று நியூட்டன் நிறுவியுள்ளார். ஓடு சூரியனை எப்பக்கமும் இழுக்கவில்லை என்றால், சூரியனும் ஓட்டை மொத்தமாக எப்பக்கமும் இழுக்காது. எனவே, ஒரு வால்நட்சத்திரம் மோதி ஓடு சற்றே நகர்ந்துவிட்டால், அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரும் விசை எதுவும் இல்லை. சூரியன்மேல் முட்டும்வரை அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். ஓட்டுக்குப் பதிலாக வளையம் அமைத்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் நடுவிலிருந்து விலகிய வளையத்தைச் சூரியன் மேலும் விலகும்படியே இழுக்கும். இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும் சில அமைப்புகளில் இத்தகைய ஓடு தானாகவே நிலைகொள்ள இடமுண்டு என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் காலின் மெக்கின்னஸ் 2025இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். நம் சூரியனோ தனி விண்மீன்.

நிலைகொள்வதைவிடப் பெரிய இடையூறு பொருளின் வலிமை. திருமலை நாயக்கர் மகாலின் சொர்க்க விலாசத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, அந்தக் குவிமாடம் தன் எடையைச் செங்கல்லுக்குச் செங்கல் கைமாற்றிக் கடைசியில் தூண்களில் இறக்கி வைப்பது விளங்கும். சூரியனை மூடும் ஓடு எத்திசையிலும் குவிமாடமே. எடையை இறக்கி வைக்க அதற்குத் தூண் இல்லை. பூமியின் தொலைவில் சூரிய ஈர்ப்பு, நாம் தரையில் உணரும் ஈர்ப்பில் ஏறத்தாழ 1,600இல் ஒரு பங்குதான் என்றாலும், ஓட்டின் ஆரம் 15 கோடி கிலோமீட்டர் என்பதை மறக்கக் கூடாது. அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஓட்டுக்குள் எழும் அமுக்கத் தகைவு, அதாவது ஓட்டின் ஒவ்வோர் அலகுப் பரப்பும் தாங்க வேண்டிய விசை, கிடைக்கும். எஃகுக்கு அது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 35 லட்சம் நியூட்டன். வீடு கட்ட நாம் வாங்கும் முறுக்குக் கம்பியில் 'எஃப்.இ. 500' என்று பொறித்திருக்கிறதே, அது அக்கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை தாங்கும் என்பதைக் குறிப்பது. வேண்டுவது அதைப்போல் 7,000 மடங்கு. ஓட்டைத் தடிமனாக்கினாலும் பயனில்லை, ஏனெனில் அந்தக் கணக்கில் தடிமன் வரவே இல்லை. தாங்கும் பரப்பு கூடும்போது எடையும் அதே அளவு கூடிவிடுகிறது. வேகமாகச் சுழலவிட்டால் நடுக்கோட்டுப் பகுதி பிழைக்கும், துருவப் பகுதிகள் உள்ளே சரியும்.

டைசன் இதையெல்லாம் அறியாதவர் அல்லர். அவருடைய சிறு கட்டுரையின் நோக்கம் கட்டுமானத் திட்டம் தீட்டுவதன்று. மிக முன்னேறிய உயிரினம் வேறெங்கேனும் இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே. வியாழனின் நிறையைப் பூமியின் தொலைவைப்போல் இருமடங்குத் தொலைவில் பரப்பினால் அது 2 முதல் 3 மீட்டர் தடிமன் வரும் என்றும், வியாழனைப் பிரித்தெடுக்கச் சூரியன் 800 ஆண்டுகளில் வெளிவிடும் ஆற்றல் முழுதும் தேவை என்றும் அதில் கணக்கிட்டிருந்தார். அதைப் படித்த வாசகர்கள் கெட்டியான ஓடு என்றே எடுத்துக்கொண்டு அதே ஆண்டு கடிதம் எழுத, ஓடோ வளையமோ இயக்கவியல்படி இயலாது, தாம் கருதியது தனித்தனிப் பாதைகளில் சுற்றும் பொருள்களின் திரளையே என்று அவர் விடையளித்தார். அறுபது ஆண்டுகள் கடந்தும் ஓட்டின் படத்தையே நாம் அச்சிட்டுக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

திரளுக்கு அந்த மாணவியின் கேள்வி பொருந்தாது. ஒவ்வொரு துண்டும் ஒரு கோளைப்போல் தன் பாதையில் சூரியனைச் சுற்றுவதால், அது எதன்மேலும் நிற்க வேண்டியதில்லை. இங்கே கேள்வி அளவைப் பற்றியது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் திறன் கொண்டது. சூரியன் வெளிவிடும் திறன் அதைப்போல் ஏறத்தாழ 6,000 கோடி கோடி மடங்கு. அதை ஏந்தும் தகடுகளுக்கான பொருளுக்குப் பலரும் கைகாட்டுவது புதன் கோளை. புதனின் நிறை முழுவதையும் பூமியின் தொலைவில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 1.2 கிலோ அளவில்தான் வரும். நம் மாடிகளில் பொருத்தியிருக்கும் சூரியத் தகடு சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. ஆகவே தகடுகள் மிக மெல்லியவையாக இருக்க வேண்டும், அல்லது சூரியனுக்கு இன்னும் நெருக்கமாகச் சுற்ற வேண்டும்.

புதனைப் பிரித்தெடுக்கும் ஆற்றலோ வியப்பூட்டுவது. உலக மக்கள் அனைவரும் இன்று பயன்படுத்தும் ஆற்றல் முழுவதையும் அதற்கே செலவிட்டால் ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் ஆகும். சூரியனின் முழு ஆற்றலும் கையில் இருந்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. முதலில் செய்த தகடுகள் தரும் ஆற்றலைக் கொண்டு அடுத்த தகடுகளைச் செய்வது என்று வட்டிக்கு வட்டிபோல் பெருகினால்தான் இது நடக்கும் என்று ஆதரவாளர்கள் சொல்வதன் காரணம் இதுவே. அந்த வாதத்தில் பிழை இல்லை.

எனக்குள்ள ஐயம் பராமரிப்பைப் பற்றியது, அதைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை. தரையில் உள்ள சூரியத் தகட்டின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் என்பார்கள். திரளும் அதே அளவு உழைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் நூற்றில் நான்கு பங்கை, அதாவது புதன் கோளின் நிறையில் நான்கு விழுக்காட்டை, மீண்டும் வார்த்தெடுக்க வேண்டும். பாதைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் மோதல் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மோதலின் சிதறல்கள் நூறு மோதல்களுக்கு வித்திடும். நம் ஆதித்யா-எல்1, தான் சுற்றிவரும் சமநிலைப் புள்ளி உறுதியற்றது என்பதால், அவ்வப்போது உந்தியை இயக்கித் தன் பாதையைத் திருத்திக்கொள்கிறது. ஒரே ஒரு கலத்துக்கே இத்தனை கவனம் வேண்டியிருக்கிறது.

வேறெவரேனும் இதைக் கட்டியிருக்கிறார்களா என்பதையும் தேடியிருக்கிறார்கள். ஏந்திய ஆற்றல் எங்கும் மறைந்துவிடாது. கடைசியில் வெப்பமாக வெளியேறியே தீரும், பூமியின் தொலைவில் உள்ள திரள் என்றால் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பாக. 2024இல் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் முன்னின்ற குழு ஏறத்தாழ 50 லட்சம் விண்மீன்களை இவ்வகையில் சலித்து ஏழு விண்மீன்களை மட்டும் மிச்சம் பிடித்தது. அவற்றில் மூன்றின் அகச்சிவப்புக்குப் பின்னணியில் உள்ள தூசு மூடிய விண்மீன் மண்டலங்களே காரணமாகலாம் என்று ரேடியோ ஆய்வுகள் பின்னர் காட்டின.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இப்பொருளை எழுதும்போது இரும்புப் பந்தை விட்டுத் திரளின் படத்தை வெளியிடுங்கள். ஓட்டில் எழும் தகைவின் கணக்கையும் புதனைப் பரப்பும் கணக்கையும் படிப்படியாக அச்சிடுங்கள். இரண்டும் பதினோராம் வகுப்பு இயற்பியலுக்கு எட்டக்கூடியவையே. சூரியனை நூறாண்டுகளுக்கும் மேலாகப் படமெடுத்துவரும் கொடைக்கானல் வானாய்வகம் நமக்கு ஒரு பகல் பயணத் தொலைவில் இருப்பதால், அங்குள்ள அறிஞர் ஒருவரிடம் அக்கணக்குகளைச் சரிபார்த்து வாங்குவது தங்களுக்கு அரிதாக இராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.