வெள்ளைத் துண்டு என்னிடம்தான் இருக்கிறது

வெள்ளிக்கிழமை ராத்திரி வாய்க்கால் கரை ரோட்டில் நின்ற எல்லாருக்கும் வணக்கம்.

லோடு இறக்குகிற இடத்துக்குள் ரிவர்ஸில் விடப் போய், கம்பி லோடோடு ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்ற ட்ரெய்லரின் டிரைவர் நான்தான். நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்தீர்கள், பார்க்காதவர்களுக்கு வீடியோ வந்திருக்கும். நேற்று முழுக்கத் தூங்கினேன். இன்று காலையில்தான் கை நடுக்கம் நின்றது. நின்றதும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரியவருக்கு. பேர் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அன்றைக்கு நான் இல்லை.

நான் ஆறு வருஷம் லாரி ஓட்டியவன். ஆறு சக்கர வண்டியை எந்தச் சந்துக்குள் விடச் சொன்னாலும் ரிவர்ஸில் விடுவேன். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. ட்ரெய்லரில் ஏறி அன்றைக்கு 19 நாள். காலி யார்டில் 2 நாள் பழக்கினார்கள், அதுவும் வலது பக்கமாக மட்டும். டிரைவர் சீட் வலதுபுறம் இருப்பதால் அந்தப் பக்கம் தலையை நீட்டினால் வால் வரைக்கும் தெரியும், சுலபம். அன்றைக்கு வண்டி போக வேண்டிய வழியோ இடது கைப் பக்கம். வண்டி மடங்க ஆரம்பித்ததும் வலது கண்ணாடியில் வெறும் வயலும் இருட்டும். இடது கண்ணாடியில் கம்பிக் கட்டின் விலா மட்டும். வால் எங்கே இருக்கிறது, வாய்க்கால் எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. 12 மீட்டர் கம்பியை மடிக்காமல் ஏற்ற 40 அடி ட்ரெய்லர் வேண்டும். நம்ம ஊர் கரை ரோடுகளோ ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் ஒரு பஸ் போகிற அகலம். அவ்வளவுதான்.

நீங்கள் எல்லாரும் உதவத்தான் கத்தினீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "லெஃப்ட்ல ஒடி", "ரைட்ல ஒடி", "வா வா வா", "ஹோல்டான்". நாலு பக்கமும் செல்போன் லைட். லெஃப்ட் என்றால் ஸ்டேரிங்கையா, வாலையா? லாரியில் இரண்டும் ஒன்றுதான், இடது ஒடித்தால் பின்புறமும் இடதே போகும். ட்ரெய்லரில் நேர் எதிர். இடது ஒடித்தால் வால் வலது பக்கம் போகும். அதனால் ஒருத்தர் சொன்ன லெஃப்டும் இன்னொருத்தர் சொன்ன ரைட்டும் ஒரே விஷயமாகக்கூட இருந்திருக்கலாம். அதை யோசிக்கிற மூளை அப்போது என்னிடம் இல்லை. வண்டியை அப்படியே போட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிஜமாகவே நினைத்தேன்.

அப்போதுதான் படி மேல் ஏறி யாரோ கதவைத் தட்டினார்கள்.

"தம்பி, இன்ஜினை நிறுத்திட்டு இறங்கு."

நிறுத்தினேன். அந்தப் பெரியவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எல்லாரும் செத்த நேரம் வாயை மூடுங்க. இனிமே நான் ஒருத்தன்தான் பேசுவேன்" என்றார். யார் இவர் என்று யாரும் கேட்கவில்லை, அடங்கிவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். வாய்க்கால் விளிம்பில் கடைசிச் சக்கரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குனிந்து கையாலேயே அளந்தார். ஒரு முழம். நான் நினைத்திருந்தது ஒரு சாண் கூட இருக்காது என்று. அந்த ஒரு முழத்தைக் கண்ணால் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது தம்பி. பெரிசு எப்படித் திரும்பும்னு தெரியும்" என்றார். இளவயதில் திருவாரூர் ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை போட்டவராம். 96 அடித் தேர், 300 டன் கனம். வடம் பிடிக்கிற ஆயிரம் பேர் இழுக்கத்தான் செய்வார்கள், திருப்புகிறவன் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவன். "ஒரே கட்டையில திருப்பப் பார்த்தா தேர் திண்ணையில ஏறிடும். கொஞ்சம் கட்டை, கொஞ்சம் இழு. திரும்பக் கட்டை, திரும்ப இழு. முன்னால போறதுக்கு வெட்கப்படாதே."

அந்தக் கடைசி வார்த்தைதான். ரிவர்ஸ் சரியாக வராவிட்டால் முன்னால் போய் நேர் பண்ணிக்கொண்டு மறுபடி வர வேண்டும். எந்த ட்ரெய்லர் டிரைவரும் இதைத்தான் சொல்வார். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது முன்னால் எடுப்பது தோற்றுப்போனது மாதிரி இருந்தது எனக்கு. அதனால்தான் ஒடித்த ஒடியிலேயே பின்னால் தள்ளிக்கொண்டே போய் அந்தக் கதிக்குக் கொண்டுவந்திருந்தேன்.

என்னை மேலே ஏற்றிவிட்டு, இடது பக்கம் போய் நின்று, "கண்ணாடியில தெரியறேனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஓரடி தள்ளினார். இல்லை. இன்னும் ஓரடி. தெரிந்தார். தோள் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தார். "இந்தத் துண்டு தெரியற வரைக்கும் வா. தெரியலேன்னா நான் செத்துட்டேன்னு நெனைச்சு நிறுத்திடு." சிரிக்காமல்தான் சொன்னார். வாலுக்குப் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தினார். பையன் அவரிடம் சொல்வான், அவர் என்னிடம் துண்டால் சொல்வார். இடப்பக்கம் வீசினால் வால் இடப்பக்கம் போக வேண்டும், ஸ்டேரிங் என் பாடு.

எத்தனை தடவை முன்னும் பின்னும் போனேன் என்று நான் எண்ணவில்லை. கிளீனர் 17 என்கிறான். அந்த 17 தடவையும் அவர் கை இறங்கவில்லை. மாசிப் பனியில், எழுபதைத் தாண்டிய உடம்பு.

வண்டி உள்ளே போய் நேரானதும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. "தொடச்சுக்க" என்று அந்தத் துண்டையே நீட்டினார். முகத்தைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு லோடு இறக்கப் போய்விட்டேன். வெளியே வந்தபோது அவர் இல்லை.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். ராத்திரி எழுந்து வந்து, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லைப் படுதாவோடு சுருட்டி இடம் விட்ட வீட்டுக்காரர்கள். மண் போட்டு விளிம்பை மேடாக்கி, டீசல் காசுகூட வாங்காமல் போன ஜேசிபி தம்பி. எனக்கும் கிளீனருக்கும் காசு வாங்காமல் டீ கொடுத்த அக்கா. கடைசி பஸ்ஸை நிறுத்திவைத்து, பயணிகளின் திட்டையும் தானே வாங்கிக்கொண்ட கண்டக்டர் அண்ணன். போனிலேயே "ஸ்டேரிங்கை அடியில பிடிடா, கை எந்தப் பக்கம் போகுதோ வால் அந்தப் பக்கம் போகும்" என்று சொல்லிக்கொடுத்த எங்கள் சீனியர் அண்ணன். எல்லாருக்கும் கும்பிடு. வீடியோ எடுத்தவர்களுக்கும் சரி, ஒரு கும்பிடு. அதைப் பார்த்துத்தான் எங்கே தப்பு செய்தேன் என்று தெரிந்தது.

கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டையோடு பின்னால் நின்ற டிராக்டர்காரர்களிடம் மட்டும் நன்றிக்கு முன்னால் மன்னிப்பு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே என்ன பாடு என்று எனக்குத் தெரியும், நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான். அறுவடை நெல்லைப் பனியில் நனையவிட்டு நின்றீர்கள். ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. யாருடைய மூட்டையாவது என்னால் திரும்பி வந்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

இனி ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கிப் பார்க்காமல் ஏற மாட்டேன். அதோடு, எவனாவது புதுசாக ரோட்டை அடைத்துக்கொண்டு முழித்தால் ஹாரன் அடிக்க மாட்டேன், இறங்கிப் போய் நிற்பேன். கிளீனர் பையனை இனி யார்டில் இடது பக்கமாக விட்டுப் பழக்கப் போகிறேன். பயப்படுகிறான். நல்லது.

வியாழக்கிழமை அதே இடத்துக்கு இன்னொரு லோடு இருக்கிறது. பகலிலேயே வந்துவிடுவேன். துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போக மனமில்லை, பெரியவருக்கு எந்த வீடு என்று யாராவது சொல்லுங்கள். கிரீஸ் கறை மட்டும் போகவில்லை, அதனால் புதுத் துண்டு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.