செம்புக்குள் கைப்பேசி

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பூசக் காவடிக்கு 10 நாள் விரதம் இருக்கும் மொரீஷியஸ் தமிழர்கள் நாம், இறைச்சியைத் தொடுவதில்லை. கைப்பேசியை மட்டும் கீழே வைப்பதில்லை. இந்த ஆண்டு அதையும் தொட மாட்டேன் என்று சபதம் எடுத்தேன். மூன்றாம் நாளே, பேரன் அனுப்பிய படத்தைப் பார்க்கிற சாக்கில் கையில் எடுத்தவள் நள்ளிரவு வரை வைக்கவில்லை.

சீன ஞானி லாவோ ட்சுவின் பேரில் வழங்கும் தாவோ தே ஜிங் என்ற நூலின் 11ஆம் இயலில், மண்பாண்டம் பயன்படுவது அதன் உள்ளிருக்கும் வெறுமையால்தான் என்று வருகிறது. பால்செம்பு சுமக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நூல் சொல்லும் 'வூ வெய்' சோம்பிக் கிடப்பதல்ல, வலிந்து முட்டாமல் இருப்பது. சபதமே ஒரு முட்டல்தானே!

இப்போது சபதம் இல்லை. அழைப்பு மணி தவிர மற்ற ஒலிகளை அணைத்துவிட்டேன். விளக்கேற்றும் நேரத்தில் கைப்பேசி அடுக்களையில் ஒரு காலிச் செம்புக்குள் போய்விடும். மணி அடித்தால் செம்பு கணகணவென்று அதிரும்; முக்கிய அழைப்பு எதுவும் தவறியதில்லை. தவறுவதெல்லாம் யாரோ சமைத்த பிரியாணியின் படங்கள்.

நேற்று மாலை வாசலில் உட்கார்ந்திருந்தேன். முருகன் கோவில் இருக்கும் கோர் தெ கார்ட் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. படம் எடுக்கக் கை பரபரத்தது. செம்பு உள்ளே இருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்