கோவா கிளம்புமுன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் அலுவலகத் தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "கோவாவுக்கு ரெண்டு நாள் போதுமாங்க?" ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இந்த முறை எழுதியே அனுப்புகிறோம். போதாது. 3,702 சதுர கிலோமீட்டர்தான், நாட்டிலேயே மிகச் சிறிய மாநிலம். ஆனாலும் வடகோடி அரம்போலிலிருந்து தென்கோடிப் பாலோலெம் போய்ச் சேர இரண்டரை மணி நேரமாவது ஆகும். இரண்டு நாளில் இரண்டு பக்கமும் சுற்றினால் நீங்கள் பார்த்துவிட்டு வருவது சாலையைத்தான்.

ஆகவே வடக்கா தெற்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கலங்குட், பாகா, அஞ்சுனா எல்லாம் வடக்கே. பாட்டும் கூட்டமும் இரவு வெகுநேரம் ஓயாது. நண்பர்கள் கூட்டமாகப் போக ஏற்ற இடம். வயதானவர்களோடும் கைக்குழந்தையோடும் போகிறவர்களுக்கு நாங்கள் பெனாலிம், அகோண்டா, பாலோலெம் என்று தெற்கைத்தான் சொல்வோம். விமான டிக்கெட்டும் இதைப் பொறுத்ததே. மோப்பா விமான நிலையம் வடகோடியில் இருக்கிறது, தெற்கே போக டபோலிம்தான் பக்கம். மாற்றி எடுத்தால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை டாக்ஸிக்காரரிடம் கொடுத்துவிடுவீர்கள். ரயிலில் போகிறவர்களுக்கு மட்காவ்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். கரையோரக் குடில் உணவகங்களைப் பிரித்து எடுத்துவிடுவார்கள், கடலில் இறங்க விடமாட்டார்கள். போன ஆண்டு ஜூலையில் ஒரு குடும்பத்துக்கு இதைச் சொல்லாமலே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். நியாயமான திட்டுதான். மழையையே பார்க்கப் போகிறவர்களுக்கு ஊர் முழுக்கப் பச்சை, அறை வாடகையும் குறைவு. எந்த மாதமானாலும் சிவப்புக் கொடி நட்டிருந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

கடற்கரையை விட்டு ஒரு காலைப்பொழுதைப் பழைய கோவா என்ற ஊருக்கு ஒதுக்குங்கள். போர்த்துகீசியர் 1510 முதல் 1961 வரை ஆண்ட மண் இது. அங்குள்ள பாம் ஜீசஸ் பேராலயத்தில், வெள்ளிப் பேழைக்குள், புனித சவேரியாரின் உடல் இருக்கிறது. நம் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில் நடந்து திரிந்த அதே சவேரியார். சவேரியார் பேராலயம் உள்ள நம் கோட்டாற்றுக்காரர்கள் அங்கே போனால் வெளியூர் வந்த நினைப்பே வராது. கோவா என்றாலே தேவாலயம் என்று நினைப்பவர்கள் போண்டா என்ற ஊர்ப் பக்கமும் போய்வாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் கடலோரக் கோயில்கள் இடிபட்டபோது, அன்று போர்த்துகீசியர் கைக்கு எட்டாதிருந்த அந்தப் பகுதிக்குத்தான் தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மங்கேஷி கோயிலின் பல அடுக்கு விளக்குத் தூணை அவசியம் பாருங்கள்.

சாப்பாட்டில் நமக்குச் சிரமமே இல்லை. தேங்காய் அரைத்த மீன்குழம்பும் சோறும்தான் அவர்களுக்கும் அன்றாடம். புளிக்குப் பதில் பெரும்பாலும் கோகம் என்ற புளிப்புப் பழத்தைப் போடுவார்கள். பெபிங்கா என்ற அடுக்கு இனிப்பில் முட்டை உண்டு, சைவக்காரர்கள் கவனிக்கவும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். வழியில் போலீஸ் நிறுத்தினால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும். கடற்கரை மணலில் உட்கார்ந்து மது அருந்தினாலும் அபராதம்தான்.

டிசம்பர் கடைசி வாரம் போக நினைப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறிவிடும். தேதியோடு எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, மாடிப்படி ஏற முடியாதவர் யாராவது உண்டா என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் விடுதியைத் தேடுவோம்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டு அலுவலகத்தார்